பழைய காத்தாடியை மாற்றுவதா, புது இடம் தேடுவதா, கடலுக்குள் போவதா? தமிழ்நாட்டுக் காற்று மின்சாரத்தின் அடுத்த அடி

ஆனி பிறந்ததும் ஒரு நாள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். கார் கதவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடியும். மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் மேகம் கட்டி நாகர்கோவிலில் சாரல் விழுந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் முப்பந்தலில் வெயில் அடிக்கும், காற்று மட்டும் ஓயாது. சாலையோர உடைமரங்கள் எல்லாம் கிழக்கே பார்த்துச் சாய்ந்து வளர்ந்திருக்கும். அந்தக் காற்றில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுற்றுவதைப் பார்க்கவே ஒரு பெருமிதம் வரும்.

கொஞ்ச நேரம் நின்று உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும். இரும்புச் சட்டக் கோபுரத்தின் மேல் சின்னச் சின்ன இறக்கைகளோடு படபடவென்று சுற்றுபவைதான் அங்கே ஏராளம். அவை தொண்ணூறுகளில் நட்டவை. பிளேடு ஒடிந்து ஓடாமல் நிற்பவையும் நடுவில் உண்டு. நவீனமான பெரிய காற்றாலைகளைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதாவது, நம்மிடம் இருப்பதிலேயே சிறந்த காற்றை நம்மிடம் இருப்பதிலேயே பழைய இயந்திரங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. எனக்கு இதுதான் ஆறாத குறை. அடுத்து எங்கே பணம் போடுவது என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இந்தக் காற்றை நமக்கு அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் வானிலை விஞ்ஞானி அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்தவர். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை முன்னின்று நடத்தினார். 1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் முதல் காற்றாலைப் பண்ணை வந்தது. அப்போது ஒரு காற்றாலையின் திறன் 55 கிலோவாட். அதே ஆண்டு குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் தொடங்கினார்கள். தொண்ணூறுகளில், போட்ட முதலீட்டை ஒரே ஆண்டில் தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை கிடைத்ததும் கோவை, திருப்பூர், ராஜபாளையம் நூற்பாலைக்காரர்கள் வரிசையாக வந்து காற்றாலை வாங்கினார்கள். வரிச் சலுகை ஒரு காரணம். மில்லுக்குக் கரண்ட் உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இன்று இந்தியாவின் காற்றாலைத் திறன் 50,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2025 மார்ச்சில் அந்தக் கோட்டைக் கடந்தோம். சீனா, அமெரிக்கா, ஜெர்மனிக்கு அடுத்து நான்காவது இடம். வளரும் நாடு ஒன்றுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த தமிழ்நாடு 11,000 மெகாவாட்டுக்கு மேல் வைத்துக்கொண்டும் இப்போது குஜராத்துக்குப் பின்னால் நிற்கிறது. முதலிடம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. இருக்கிற காற்றைச் சரியாகப் பயன்படுத்தவில்லையே என்பதில்தான் வருத்தம்.

சரி, முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன? பழையதை அப்படியே ஓட்டலாம். பழையதைக் கழற்றிவிட்டுப் பெரியதை நடலாம். காற்று கொஞ்சம் குறைந்த புது இடங்களுக்குப் போகலாம். காற்றாலைகளுக்கு நடுவே சோலார் போடலாம். கடலுக்குள் போகலாம். ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கிறார்கள், நியாயமும் இருக்கிறது.

அப்படியே ஓட்டுவது

225 கிலோவாட் காற்றாலை ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 27 மீட்டர், கோபுரம் 30 மீட்டர் சொச்சம். ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் யூனிட் தருகிறது என்று வையுங்கள். கடன் எப்போதோ அடைந்துவிட்டது. உயரழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் ஆலை மின்வாரியத்திடம் வாங்கினால் யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆகவே பராமரிப்பும், காற்றாலை மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியாகத் தன் ஆலைக்குக் கொண்டுபோகக் கட்டும் வீலிங் கட்டணமும் போனாலும் உரிமையாளர் கையில் ஒரு நல்ல தொகை மிஞ்சும். கியர் பாக்ஸ் போனால் பிரித்துச் சரிசெய்து தர உள்ளூர் ஒர்க்‌ஷாப்புகள் இருக்கின்றன. உதிரி பாகம் கிடைக்காவிட்டால், ஓடாமல் நிற்கும் பக்கத்துக் காற்றாலையிலிருந்து கழற்றி மாட்டுவார்கள்.

உரிமையாளரின் இடத்தில் நின்று பார்த்தால் இதில் தவறே இல்லை. பால் தரும் மாட்டை யாரும் சந்தைக்கு ஓட்ட மாட்டார்கள். ஆனால் இந்த இயந்திரங்கள் 20 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்பட்டவை. முப்பதைத் தொட்ட காற்றாலையின் போல்ட்டும் வெல்டிங்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை முறையாகச் சோதித்த பிறகுதான் ஓட்ட வேண்டும். ஏணியில் ஏறி வேலை பார்ப்பவரின் உயிர் அது. ஆயுள் நீட்டிப்பு என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பது எளிது. அதற்குரிய சோதனையைச் செய்யாமல் எழுதிக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கழற்றிவிட்டுப் பெரியதை நடுவது

இதைத்தான் ரீபவரிங் என்கிறார்கள். ஒன்றிய அரசு 2016இலேயே இதற்கு ஒரு கொள்கை கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் அதைத் திருத்தி ஆயுள் நீட்டிப்பையும் சேர்த்தது. நாடு முழுக்க இப்படி மாற்றத்தக்க பழைய திறன் 25,000 மெகாவாட்டுக்கு மேல் இருப்பதாகச் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் பெரிய பங்கு தமிழ்நாட்டுடையது. தமிழ்நாடு 2024இல் தனக்கென்று ஒரு கொள்கையும் வெளியிட்டது. அப்படியும் வேலை சூடுபிடிக்கவில்லை.

ஏன் மாற்ற வேண்டும் என்பதைக் காற்றின் கணக்கே சொல்லிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். 30 மீட்டர் உயரத்தில் விநாடிக்கு 6 மீட்டர் வீசும் காற்று 120, 140 மீட்டர் உயரத்தில் 7 மீட்டராக இருந்தால், அந்த ஒரு மீட்டர் வித்தியாசத்திலேயே சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். இன்று நம் ஊரில் நடப்படும் 3 மெகாவாட் வகை இயந்திரங்களின் இறக்கை வட்டம் 140 மீட்டரைத் தாண்டுகிறது. 27 மீட்டர் வட்டத்தோடு 144 மீட்டர் வட்டத்தை ஒப்பிட்டால் காற்றை அள்ளும் பரப்பு 28 மடங்கு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 225 கிலோவாட் காற்றாலை 14 சேர்ந்தால் 3.15 மெகாவாட். ஆண்டு முழுக்க முழுத் திறனில் ஓடினால் வருவதில் 17 சதவீதம் தருவதாக வைத்தால் அந்தப் பதினான்கும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 47 லட்சம் யூனிட் தரும். அதே 3.15 மெகாவாட் ஒரே புது இயந்திரமாக இருந்து 33 சதவீதம் ஓடினால் 91 லட்சம் யூனிட். மெகாவாட் ஏறவில்லை, மின்சாரம் இரட்டிப்பாகிறது.

இத்தோடு நிறுத்திவிட்டால் அது பாதி உண்மைதான். ரீபவரிங்கை ஆதரிப்பவர்கள் பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு காற்றாலையின் முதுகுக்குப் பின்னால் காற்று கலங்கி வேகம் குறைந்துவிடும். அதனால்தான் ஒன்றுக்கொன்று இடைவெளி விடுகிறார்கள்: பக்கவாட்டில் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல 5 மடங்கு, காற்று வீசும் திசையில் 7 மடங்கு. 27 மீட்டர் வட்டத்துக்கு இது சுமார் 6 ஏக்கர். 144 மீட்டர் வட்டத்துக்கு ஏறக்குறைய 180 ஏக்கர்! அப்படியானால், இந்த விதியின்படி 28 சின்னக் காற்றாலைகள் நின்ற நிலத்தில் ஒரு பெரியதைத்தான் நட முடியும். அந்த இருபத்தெட்டும் சேர்ந்து தருவது 94 லட்சம் யூனிட். அவ்வளவையும் கழற்றிப்போட்டு, கோடிக்கணக்கில் கடன் வாங்கி, 91 லட்சம் யூனிட்டுக்கு வந்து நிற்பதா?

இதற்கு விடை இருக்கிறது, கணவாய்க்குள்ளேயே இருக்கிறது. ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இருக்கும் உடுமலை, பூளவாடிப் பக்கத்திலும் பலமான காற்று ஏறக்குறைய ஒரே திசையிலிருந்துதான் வருகிறது. மலை அதற்கு வேறு வழி விடவில்லை. காற்று திசை மாறாத இடத்தில் பக்கவாட்டு இடைவெளி 5 மடங்கு தேவையில்லை, 3 மடங்கு போதும். அப்போது ஒரு பெரிய காற்றாலை 108 ஏக்கரில் அடங்கும், அதாவது 17 சின்னக் காற்றாலைகளின் இடத்தில். 57 லட்சம் யூனிட் வந்த நிலத்தில் 91 லட்சம் வரும். பலமான காற்று வீசும் இடத்தில் அது 33 சதவீதத்தையும் தாண்டும். அப்புறம், எல்லா இடத்துக்கும் 144 மீட்டர்தான் வேண்டும் என்பதும் இல்லை. அகன்ற இறக்கை மெலிந்த காற்றுக்கென்று வடிவமைக்கப்பட்டது. கணவாயின் முரட்டுக் காற்றுக்கு 110, 120 மீட்டர் வட்டமே தோதாக இருக்கும். ஒரே விதியை எழுதிக் கன்னியாகுமரிக்கும் தூத்துக்குடிக்கும் ஒன்றாகப் போடுவதில்தான் சிக்கல் வருகிறது.

அடுத்த முட்டுக்கட்டை பட்டா. அந்தக் காலத்தில் கோபுரத்தைச் சுற்றி இரண்டு மூன்று ஏக்கரை மட்டும்தான் வாங்கினார்கள். இடையில் இருப்பது வேறொருவரின் மானாவாரி நிலம். ஆளுக்கு ஒன்றிரண்டு காற்றாலை வைத்திருக்கும் பதினேழு உரிமையாளர்களில் ஒருவர் மாட்டேன் என்றாலும் வேலை நின்றுவிடும். அவர் மாட்டேன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. என் காற்றாலையைக் கழற்றிவிட்டால் கோபுரம் உன் நிலத்தில் நிற்கும், என் நிலத்தின் மேல் இறக்கை சுற்றும், எனக்கு என்ன பிடிமானம் என்று கேட்கிறார். பங்கு யூனிட்டாகவா பணமாகவா, இயந்திரம் பழுதானால் யார் பொறுப்பு, உரிமையாளர் இறந்தால் வாரிசுக்கு எப்படி மாறும் என்பதெல்லாம் முதலிலேயே எழுத்தில் வேண்டும். கூட்டுறவு நூற்பாலை நடத்திப் பழகிய மாநிலத்துக்கு இது தெரியாத வித்தை இல்லை.

இதையெல்லாம்விடப் பெரிய முடிச்சு பேங்கிங். வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதத்தில் ஆண்டின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் வந்துவிடுகிறது. அந்த 91 லட்சம் யூனிட்டில் 64 லட்சம் அந்த ஐந்து மாதத்தில் வரும், அதாவது மாதத்துக்குப் பன்னிரண்டே முக்கால் லட்சம். மீதி ஏழு மாதமும் மாதத்துக்கு 4 லட்சம்கூடத் தேறாது. மில்லோ ஆண்டு முழுக்க ஒரே சீராக, மாதம் ஏழரை லட்சம் யூனிட் இழுக்கும். காற்றுக் காலத்தில் மிஞ்சுவதை வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்து, தை மாசியில் எடுத்துக்கொள்வதுதான் பேங்கிங். அதற்கு ஒரு கட்டணமும் உண்டு. 2018 மார்ச்சுக்குள் ஓடத் தொடங்கிய காற்றாலைகளுக்கு ஓராண்டு வரை இப்படிச் சேர்த்துவைக்கலாம். அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு மாதக் கணக்குதான்.

மாதக் கணக்கென்றால் மேலே சொன்ன உதாரணத்தில் ஆண்டுக்கு 25 லட்சத்துக்கும் அதிகமான யூனிட் மில்லுக்குப் பயன்படாமல் போகும். குறைந்த விலைக்குத்தான் போகும். அதே அளவை மற்ற மாதங்களில் முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். இப்போது பழைய காற்றாலைக்காரர் ஏன் அசையவில்லை என்பது புரியும். காற்றாலையைப் புதிதாக்கினால் பேங்கிங் உரிமையும் போய்விடுமோ என்ற பயம். புது இயந்திரத்துக்கு மெகாவாட்டுக்கு 7, 8 கோடி ரூபாய் போட வேண்டிய நேரத்தில் அந்தப் பயம் வந்தால் யார்தான் கையெழுத்துப் போடுவார்கள்? தமிழ்நாட்டின் 2024 கொள்கையில் இருந்த கட்டணங்களை எதிர்த்து ஆலைக்காரர்கள் நீதிமன்றம் வரை போனார்கள்.

வாரியத்தின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஜூலையில் ஊரெல்லாம் காற்று வீசி மின்சாரம் மலிந்து கிடக்கும்போது அது உள்ளே வாங்குகிறது. கோடையில் சந்தையிலும் விலை உச்சத்தில் இருக்கும்போது திருப்பிக் கொடுக்கிறது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படி ஒரு மாலையில் வெளிச் சந்தையில் யூனிட் 10 ரூபாய் வரை போகும். கடனில் தத்தளிக்கும் ஒரு பொதுத்துறை நிறுவனம் அந்த வித்தியாசத்தை எவ்வளவு காலம் சுமக்கும்? அதன் சுமை கடைசியில் வீட்டு இணைப்புக்காரர் தலையில்தான் விழும்.

எனக்குப் படும் நியாயமான பாதை இது: கழற்றப்படும் காற்றாலை கடந்த சில ஆண்டுகளில் சராசரியாக எவ்வளவு தந்ததோ அந்த அளவு யூனிட்டுக்கு மட்டும் பழைய ஓராண்டு பேங்கிங் தொடரட்டும். அதற்கு மேல் வருவது மாதக் கணக்கில் போகட்டும், இல்லையென்றால் ஏலத்தில் வரும் விலையை ஒட்டி வாரியமே வாங்கிக்கொள்ளட்டும். உரிமையாளர் இருப்பதை இழக்கமாட்டார். வாரியத்துக்கும் புதுச் சுமை வராது.

புது இடங்கள்

தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் மதிப்பீட்டில் 120 மீட்டர் உயரத்தில் நாட்டில் 695 ஆயிரம் மெகாவாட் வாய்ப்பு இருக்கிறது, தமிழ்நாட்டில் மட்டும் 68 ஆயிரம். கோபுரம் உயர உயர, முன்பு தகுதியில்லை என்று விட்ட கரிசல் காடுகள்கூடத் தகுதி பெறுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தின் உள்பகுதிகளில் அப்படித்தான் பெரிய இயந்திரங்கள் வந்திருக்கின்றன. தேவைதான், நடக்கட்டும். ஆனால் புது நிலம், புதுப் பாதை, புது மின் கம்பி, புதுத் துணை மின் நிலையம் எல்லாம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், காற்றும் கணவாயைவிட மெலிந்தது. 2017இல் விலையை ஏலத்தில் முடிவுசெய்யும் முறை வந்தபோது யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கி, அதே ஆண்டு டிசம்பரில் குஜராத்தில் 2 ரூபாய் 43 காசு வரை போனது. அந்த விலையில் சுமாரான காற்று கட்டுப்படியாகவில்லை. 2016-17இல் 5,500 மெகாவாட் சேர்த்த நாடு அடுத்த ஆண்டில் 2,000ஐக்கூட எட்டவில்லை. 2024-25இல்தான் மறுபடி 4,000ஐத் தாண்டியது.

நடுவே சோலார்

இது எனக்கு மிகவும் பிடித்த வழி, ஆனாலும் ஓர் எச்சரிக்கையோடு. காற்றாலைக்காக இழுத்த கம்பி பங்குனியில் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. வெயில் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அதே கம்பியில், அதே துணை மின் நிலையத்தில் சூரிய மின்சாரத்தைச் செலுத்தினால் புதுக் கம்பிச் செலவு மிச்சம். தகடு பதிக்க மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். கோபுரங்களுக்கு இடையே நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஓரிரு ஆண்டுகளில் முடித்துவிடலாம், காற்றாலையைவிட மலிவு. காற்றும் சூரியனும் கலந்த திட்டங்களுக்கு 2018இலேயே தேசியக் கொள்கை வந்துவிட்டது.

எச்சரிக்கை என்னவென்றால், சாயங்காலம் ஆறரைக்கு வீடுகளில் விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது சோலார் தூங்கப் போய்விடும். தமிழ்நாட்டில் சோலார் ஏற்கெனவே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பகல் மின்சாரம் நிறையவே இருக்கிறது. காற்றுக் காலத்தில் பிற்பகலில் வலுத்து இரவிலும் நிற்காமல் ஓடுவதுதான் காற்றாலையின் தனிச் சிறப்பு. அந்த நிலத்தைச் சோலாரால் மூடி, சோலாரே போதும் என்று காற்றாலையை மறந்துவிடக் கூடாது. சேர்த்துப் போட்டால் வரம், மாற்றாகப் போட்டால் இழப்பு.

கடல்

மன்னார் வளைகுடாவின் காற்று நிலத்தைவிடப் பலமானது, சீரானது. குஜராத், தமிழ்நாடு இரண்டின் கடலிலும் சேர்த்து 70,000 மெகாவாட் வாய்ப்பு இருப்பதாக மதிப்பீடு. கடல் காற்றாலைக்கான தேசியக் கொள்கை 2015இல் வந்தது. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது: குஜராத்தில் 500 மெகாவாட், தமிழ்நாட்டில் 500 மெகாவாட், கூடவே இரண்டு துறைமுகங்களின் மேம்பாட்டுக்கு 600 கோடி. இவ்வளவு உதவி இருந்தும் டெண்டருக்கு ஆள் வரவில்லை. 2025இல் அந்த டெண்டர்கள் கைவிடப்பட்டன.

டென்மார்க் 1991இல் விண்டபி என்ற இடத்தில் 11 காற்றாலைகளோடு கடலில் தொடங்கியது. அதற்கு முன்பே நிலத்தில் அது கைதேர்ந்திருந்தது. கடலில் நட சிறப்புக் கப்பல் வேண்டும், கடலடிக் கேபிள் வேண்டும், ஆழ்கடல் அலையில் ஏறி இறங்கிப் பழுது பார்க்கும் ஆள் வேண்டும். இவை ஒவ்வொன்றையும் நாம் புதிதாகத்தான் சேர்க்க வேண்டும். ஒக்கி புயலைக் கன்னியாகுமரி மறக்கவில்லை. அப்படி ஒரு நாளையும் தாங்கி நிற்கும் அடித்தளமும் வேண்டும்.

அதோடு, அந்தக் கடல் வெறும் தண்ணீர் இல்லை. 21 தீவுகளும் பவளப் பாறைகளும் கொண்ட உயிர்க்கோளக் காப்பகம் அங்கே இருக்கிறது. கச்சான் காற்று எப்போது அடிக்கும், வாடைக் காற்று எப்போது திரும்பும், கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் எதில் எந்த மீன் படும் என்று தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களின் தொழில் அங்கேதான் நடக்கிறது. காற்றாலையைச் சுற்றி இவ்வளவு தூரம் வலை போடக் கூடாது என்று ஒரு வட்டம் போட்டால், நாட்டுப் படகுக்காரர் அன்றைக்கு எங்கே போவார்? எந்தெந்த மாதம், எந்தெந்த இடத்தில் தொழில் நடக்கிறது என்று அவர்களோடு உட்கார்ந்து வரைபடம் போட்ட பிறகுதான் கோபுரத்தின் இடத்தைக் குறிக்க வேண்டும். திட்டம் முடிவான பின் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்தால் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

கடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளவீட்டையும் துறைமுக வேலையையும் இப்போதே தொடங்கலாம். பெரிய முதலீட்டை அங்கே கொட்டுவதற்கு முன், கரையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை முதலில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

கம்பியும் தேக்கமும்

எந்த வழியில் போனாலும் மின்சாரம் வெளியே போகக் கம்பி வேண்டும். 2012இல் தமிழ்நாடு எப்படி இருட்டில் கிடந்தது என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பல ஊர்களில் பாதி நாள் கரண்ட் இருக்காது. அதே காலத்தில்தான், காற்று நன்றாக வீசும்போது காற்றாலையை நிறுத்து என்ற உத்தரவும் வந்துகொண்டிருந்தது. உள்ளூர்க் கம்பிக்குத் தாங்கும் திறன் இல்லை, வடக்கே அனுப்பவும் போதிய வழியில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் தடத்தால் தென் மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒன்றிணைந்த பிறகே மூச்சுவிட முடிந்தது. பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் தடமும் வந்தது. இப்போது காற்றுக் காலத்தில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் காற்று மின்சாரத்தை ஏற்க முடிகிறது.

ஆனால் பெருந்தடம் வந்தால் போதாது. சின்னக் காற்றாலைகளுக்கென்று தொண்ணூறுகளில் இழுத்த கம்பி பெரிய இயந்திரத்தைத் தாங்காது. ரீபவரிங் செய்யும் வட்டாரத்தில் துணை மின் நிலையத்தையும் சேர்த்துத்தான் உயர்த்த வேண்டும். அதோடு தேக்கிவைக்க இடம் வேண்டும். ஆனைமலையில் 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று நிலையம் எண்பதுகளின் இறுதியிலிருந்து அந்த வேலையைச் செய்துவருகிறது: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தட்டுப்பாட்டு நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று நிலையம் கட்டப்படுகிறது. ஆனால் இவை ராத்திரிக் காற்றை மறுநாள் மாலைக்குக் கொண்டு சேர்க்கும் அளவுக்குத்தான் உதவும். ஆடியில் அடிக்கும் காற்றை மாசிக்குத் தேக்கிவைக்க எந்த அணையாலும் முடியாது. பேங்கிங் கணக்கில் இவ்வளவு சச்சரவு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் வரிசை

முதலில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய நான்கு கணவாய் வட்டாரங்களில் ரீபவரிங். அதிலும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தொடாமல், ஒரே உரிமையாளரிடமோ ஒரே குழுமத்திடமோ பத்திருபது காற்றாலை சேர்ந்தாற்போல் இருக்கும் இடங்களை எடுக்கலாம். அங்கே பட்டாச் சிக்கல் குறைவு. ஒரு காற்றுக் காலம் ஓடி முடிந்து யூனிட் கணக்கு வெளியானால் பக்கத்து உரிமையாளர்கள் தாமாகவே விசாரிக்க வருவார்கள். அதே வேலையோடு சேர்த்து இடைநிலத்தில் அளவான சோலார், அதற்கு ஒரு பாட்டரி. புது இடங்கள் ஏலத்தின் வழியாகத் தம் போக்கில் வரட்டும். கடலுக்கு மீனவர்களோடு வரைபடப் பணியும் அளவீடும்.

ஒன்றிரண்டு பழைய காற்றாலை வைத்திருக்கும் சிறு உரிமையாளர் இதைப் படித்தால், இந்த ஆண்டே கழற்றுங்கள் என்று சொல்லமாட்டேன். கோபுரத்தையும் அடித்தளத்தையும் தகுதியான பொறியாளரை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். கடந்த ஐந்தாண்டு யூனிட் கணக்கையும் நிலப் பத்திரத்தையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். நாளைக்குக் கூட்டாக மாற்றும்போது உங்கள் பங்கு அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவாகும். பேங்கிங் பற்றி எழுத்தில் உத்தரவு வராமல் யார் வந்து பேசினாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கழற்றும் நாள் வரும்போது இன்னொன்றையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கோபுர இரும்பையும் செம்புக் கம்பியையும் பழைய இரும்புக்காரர் அன்றைக்கே எடை போட்டு எடுத்துக்கொள்வார். கண்ணாடி இழையால் ஆன பிளேடை யாரும் தொடமாட்டார்கள். அது உருகாது, மட்காது. அதை எடுத்துக்கொண்டு போக வேண்டிய பொறுப்பு யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டால், உங்கள் நிலத்தின் ஓரத்தில் உடைமரத்தடியில்தான் அது கிடக்கும்.